தொலமைட்டுக் கரைதல்

கல்சியமும் மகனீசியமும் கலந்த காபனேற்றுக் கனியம் தொலமைட்டு. இலங்கையின் மாத்தளை மாவட்டத்தில் சலவைக்கல் பட்டைகளாகக் கிடைக்கும் இதைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்குவர். பச்சையாக அரைத்துத் தேயிலைக்கும் தென்னைக்கும் போடுவர். நைசாக அரைப்பது வீண் செலவு அல்ல. ஐதான ஐதரோக்குளோரிக் அமிலத்தில் ஒரு துளி கல்சைட்டில் விழுந்தால் உடனே நுரைக்கும். தொலமைட்டுக் கட்டியிலோ அசைவே இருக்காது. அதே இடத்தைக் கத்தியால் சுரண்டிய தூளில் விட்டால் பொங்கும்.

பளிங்கின் முகம் ஒரே சீராகக் கரைவதில்லை. அணு அளவில் அது படிக்கட்டுப் போன்றது: சமதளம், படி விளிம்பு, விளிம்பு ஒடியும் மூலை. வால்தர் கோசெல் 1927இல் முன்வைத்த எளிய கனசதுர மாதிரியில் சமதளத்து அயனுக்கு ஐந்து அயலவர், விளிம்பில் நான்கு, மூலையில் மூன்று. பிடி தளர்ந்த மூலைதான் முதலில் போகும். தூளாக்கும்போது விளிம்புகளும் மூலைகளும் பெருகுகின்றன.

1986இல் உருவான அணுவிசை நுணுக்குக்காட்டி இதைக் கண்ணுக்குக் காட்டியது. நீருக்குள் வைத்த கல்சைட்டில் சுமார் 0.3 நனோமீற்றர் உயரப் படிகள் பின்வாங்கின. பளிங்குக் குறைபாடுள்ள இடங்களில் சாய்சதுரக் குழிகள் விழுந்தன. குழியின் நான்கு பக்கங்களில் இரண்டு விரைவாகவும் இரண்டு மெதுவாகவும் நகரும்.

தொலமைட்டைத் தாமதிக்க வைப்பது மகனீசியம். நீரில் அது ஆறு நீர் மூலக்கூறுகளை இறுகப் பிடித்திருக்கும். அவற்றை மாற்றிக்கொள்வதில் கல்சியத்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மந்தம்.

வளர்வதில் அதன் பிடிவாதம் இன்னும் கடுமை. அமெரிக்கப் புவியியலாளர் லிண்டன் லாண்ட் நிறைவுநிலையைவிட ஆயிரம் மடங்கு செறிந்த கரைசலை அறை வெப்பநிலையில் 32 ஆண்டுகள் வைத்துப் பார்த்தார், தொலமைட்டு உருவாகவில்லை. பொறுமைக்குப் பரிசு இருந்திருந்தால் அவருக்குக் கிடைத்திருக்கும்.

அது ஏன் வளரவில்லை என்பதற்கான விடை கரைதலிலேயே இருந்தது. கல்சியமும் மகனீசியமும் அடுக்கடுக்காக மாறி மாறி அமைய வேண்டும்; இடம் மாறி அமர்ந்தவை வளர்ச்சியை முடக்கும். 2023இல் மிச்சிகன், ஹொக்கைடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இலத்திரன் கற்றையால் நீரைப் பிரித்து அமிலமாக்கி, இரண்டு மணி நேரத்தில் 4,000 தடவை பளிங்கைச் சிறிது கரையவிட்டனர். பிழையாக அமர்ந்த அயன்களே முதலில் கரைந்தன. பளிங்கு ஏறத்தாழ 100 நனோமீற்றர், அதாவது சுமார் 300 அடுக்குகள் வளர்ந்தது. இன்றும் புதிய தொலமைட்டு அரிதாக உருவாகும் இடங்கள், வெள்ளம் ஏறியும் வற்றியும் மாறும் உவர் நிலங்களே.