பச்சைச் சாயமும் நிணநீர்க்கணுக்களும்: இரைப்பைப் புற்றுநோய் அறுவையில் ஒரு நோக்க மாற்றம்

இண்டோசயனின் பச்சை என்னும் சாயம் புற்றுநோய்க்கென உருவானதன்று. ஒளிப்படச் சுருள் தயாரித்த கோடாக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 1950களில் உருவாகிய அது, தொடக்கத்தில் இதயம் வெளியேற்றும் குருதியின் அளவைக் கணிக்கவும் கல்லீரலின் செயற்பாட்டை அறியவும் பயன்பட்டது. அண்மை அகச்சிவப்பு ஒளி பட்டால் இச்சாயம் உடனொளிரும். கண்ணுக்குப் புலப்படாத அவ்வொளியை அதற்குரிய கேமரா, மெல்லிய கொழுப்புப் படலத்தினூடாகவும் காட்டிவிடும்.

இரைப்பை அறுவையில் இச்சாயம் நுழைந்தது குறைவாக வெட்டுவதற்காகவே. தொடக்கநிலைப் புற்றுநோயாளர் பலருக்கு நிணநீர்க்கணுக்களில் நோய் பரவியிருப்பதில்லை. எனவே கட்டியிலிருந்து நிணநீர் முதலில் சென்றடையும் காவற்கணுவை மட்டும் சோதித்து, அது தூயதாயின் ஏனையவற்றை விட்டுவிடலாம் என்பது ஜப்பானிய அறுவை மருத்துவர்களின் எதிர்பார்ப்பு. அந்நாட்டின் மருத்துவப் புற்றுநோயியல் குழு இதனைப் பல மருத்துவமனைகளில் சோதித்தது. அங்குச் சாயத்தின் பச்சை நிறமே வெறுங்கண்ணால் நோக்கப்பட்டது, உடனொளிர்வு அன்று. கணுக்களில் நோய் பரவியிருந்த 28 பேருள் 13 பேரின் காவற்கணுக்கள் தூயவை எனத் தவறாக அறிவிக்கப்பட்டன. ஆய்வு இடையில் நிறுத்தப்பட்டது. ஆயினும் பிழை முழுவதையும் சாயத்தின்மேல் ஏற்றுதல் பொருந்தாது. உறைநிலையில் சீவிய ஒரே தளத்தை மட்டும் நோக்கியதும், மருத்துவர்களுக்குக் கிடைத்த பயிற்சி போதாமையும் அதற்குப் பங்களித்தன. கதிரியக்கப் பொருளையும் நீலச் சாயத்தையும் இணைத்த மற்றொரு ஜப்பானிய ஆய்வு 2013இல் மிகச் சிறந்த முடிவுகளை வெளியிட்டதும் இங்கு எண்ணத்தக்கது.

பின்னர் அதே சாயம் நேரெதிர் நோக்குடன் திரும்பியது. சீனத்தின் ஃபூஜியன் மாநில மருத்துவமனை ஒன்றில் 2018–19இல் நிகழ்ந்த ஆய்வில், அறுவைக்கு முந்தைய நாள் உள்நோக்கி வழியாகக் கட்டியைச் சுற்றிச் சாயம் செலுத்தப்பட்டது. விட்டுவைக்கத்தக்க கணுக்களைத் தேடுவதற்கன்று. தவறவிடக்கூடிய கணுக்களைக் கண்டெடுப்பதற்கு. சாயம் பெற்றோரிடம் சராசரியாக 50.5 கணுக்களும், பெறாதோரிடம் 42.0 கணுக்களும் அகற்றப்பட்டன. மூன்றாண்டுகளுக்குப் பின் உயிர்வாழ்வோர் விகிதமும் முன்னவரிடமே மிகுந்திருந்தது. எனினும் இது ஒரே மருத்துவமனையின் சான்று.

இங்கு ஒன்றை மறத்தலாகாது. இச்சாயம் புற்றணுவோடு பிணைவதில்லை. நிணநீர் செல்லும் வழியை மட்டுமே காட்டுகிறது. புற்றணுக்களால் முற்றிலும் அடைபட்ட கணுவினுள் நிணநீர் புகாது. ஆகவே சாயமும் புகாது. நோய் மிகுந்த கணுவே திரையில் இருண்டிருக்கக்கூடும். ஆதலின் ஒளிராத கணுக்களையும் வரையறுத்த எல்லைவரை அகற்றும் பழைய முறையை அறுவை மருத்துவர் இன்றும் கைவிடுவதில்லை.