கரியும் வைரமும்

சிராங்கூன் சாலை நகைக்கடைக் கண்ணாடியின் முன் நின்ற என் மாணவி, "ஐயா, பென்சில் கரியும் வைரமும் ஒன்றா?" என்று வினவினாள். பெற்றோரிடமும் இவ்வினா வரும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

இரண்டும் கார்பனே. 1797 இல் சுமித்சன் டென்னன்ட் என்னும் ஆங்கிலேயர் வைரத்தை எரித்து, அதே எடையுள்ள கரி தரும் அளவு கரியமில வாயுவே அதிலிருந்தும் வெளிவருவதைக் காட்டினார். (வைரத்தை எரிக்கும் துணிவு நமக்கு வருமா?)

எனில், கடினம் எங்கிருந்து வந்தது? 1913 இல் பிராக் தந்தையும் மகனும் ஊடுகதிர் கொண்டு விடை கண்டனர். வைரத்தில் ஒவ்வோர் அணுவும், நான்முகியின் மூலைகளில் நிற்கும் நான்கு அணுக்களைப் பற்றியிருக்கிறது; இப்பின்னல் முப்பரிமாணத்திலும் தொடர்கிறது. பென்சில் கரியிலோ ஓரணு மூன்றையே பற்றும். அணுத்தளங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். அதனால்தான் எழுத்து தாளில் படிகிறது.

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. இராமன், வைரத்தின் அமைப்பு நான்கு வகைப்படும் என 1944 இல் வாதிட்டார். அது நிலைக்கவில்லை. வைரங்களிடையே அவர் கண்ட வேறுபாடு பெரிதும் நைட்ரஜன் கலப்பால் நேர்வது. அக்கலப்பு 1959 இல் தெரியவந்தது. ஆயினும் அவர் 1928 இல் கண்ட இராமன் விளைவைக் கொண்டே இன்று ஆய்வகங்கள் வைரத்தைப் போலியிலிருந்து பிரித்தறிகின்றன.

நோபெல் பரிசு பெற்றவரும் பிழைபட்டார் என்றதும் அவள் சிரித்துவிட்டாள்.