கிட் ஆட்: நான்கு வரிகளுக்கு உரை

2001-இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்த அரியலூர் மாவட்டம், 2002-இல் மறுபடி அதனோடு சேர்ந்து, 2007-இல் திரும்பவும் தனியானது. வட்டப் பட்டியலை கிட்டில் வைத்திருக்கும் ஒருவர் 2007 மாற்றத்தைப் பதிகிறார் என்று கொள்வோம். மாவட்டத்துக்கு ஒரு ஃபோல்டர், வட்டத்துக்கு ஒரு ஃபைல். பெரம்பலூரில் செந்துறை ஃபைலை அழித்து, குன்னத்தைத் திருத்தி, அரியலூரில் செந்துறையைப் புதிதாக எழுதிவிட்டார். இவற்றில் எவை அடுத்த கமிட்டில் சேரும்?

கிட் ஆட் .

புள்ளி என்றது, நாம் நிற்கும் ஃபோல்டரையும் அதற்குள் இருப்பவற்றையும். பெரம்பலூருக்குள் நின்று கொடுத்தால் அரியலூர் பக்கம் எட்டியும் பார்க்காது. 2014 மே மாதம் 2.0 பதிப்பு வரும்வரை இதில் ஒரு வம்பும் இருந்தது: திருத்தியதை எடுக்கும், புதியதை எடுக்கும், அழித்ததை விட்டுவிடும். மேல் ஃபோல்டரில் நின்று கொடுத்திருந்தால் செந்துறை இரண்டு மாவட்டத்திலும் இருந்திருக்கும்! 2.0 அதைச் சரிசெய்தது.

கிட் ஆட் -யூ

கிட் ஏற்கெனவே அறிந்த ஃபைல்களின் திருத்தமும் அழிப்பும் மட்டும். இப்போது செந்துறை பெரம்பலூரிலிருந்து போய்விடும், அரியலூரில் சேராது. ஆனாலும் இதைக் குறை என்று சொல்லமாட்டேன். அவசரத்தில் எழுதிவைத்த பாஸ்வேர்டு ஃபைல் தெரியாமல் உள்ளே நுழையாதே. 2.0 முதல், எந்த ஃபோல்டரில் நின்று கொடுத்தாலும் இது முழு ரெப்போவுக்கும் செல்லும்.

கிட் ஆட் -ஏ

புதியது, திருத்தியது, அழித்தது எல்லாம், முழு ரெப்போவிலும். செந்துறை சரியான இடத்துக்கு வந்துவிடும். இங்கே பெரிய எழுத்து ஏ. கிட் கமிட்டில் சின்ன எழுத்து ஏ உண்டு. அதுவோ புதிய ஃபைலைச் சேர்க்காது. ஒரே எழுத்துக்கு இரண்டு பொருள் வைத்த வடிவமைப்பை மெச்ச முடியவில்லை.

கிட் ஆட் -பி

மாற்றத்தைத் துண்டு துண்டாகக் காட்டிக் கேட்கும். ஒய் என்றால் சேரும், என் என்றால் சேராது, எஸ் என்றால் துண்டை இன்னும் சிறிதாக்கும். குன்னத்தில் வட்டத் திருத்தமும் எழுத்துப்பிழைத் திருத்தமும் கலந்திருந்தால் இரண்டு கமிட்டாகப் பிரிக்க இதுவே வழி. புதிய ஃபைல் இதன் கண்ணில் படாது. முதலில் பெரிய எழுத்து -என் கொடுத்து அதை அறிமுகப்படுத்த வேண்டும்.

சின்ன எழுத்து -என் வேறு. அது ஒத்திகை: எதையும் சேர்க்காமல், சேரப்போகும் ஃபைல்களை மட்டும் காட்டும். -ஏ கொடுக்கும் பழக்கமுள்ளவர்கள் அதற்கு முன் ஒருமுறை இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள்.