அம்மாவை எங்கே வைத்தார் டிக்கன்ஸ்?

கல்லூரி நாட்களில் 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' படித்தபோது மிகாபரை ரசித்துச் சிரித்தேன். தலைக்கு மேல் கடன், ஆனாலும் நாளைக்கே விடிந்துவிடும் என்ற நம்பிக்கை. அது டிக்கன்ஸின் அப்பா ஜானின் சாயல் என்று தெரிந்ததும் சிரிப்பு கொஞ்சம் அடங்கிவிட்டது.

1824. கடன் கட்டாததால் அப்பா மார்ஷல்சீ சிறையில். 12 வயதுப் பையன் லண்டனில் ஷூ பாலிஷ் தயாரிக்கும் இடத்தில் ஜாடிகளுக்கு லேபிள் ஒட்டுகிறான். வாரம் 6 ஷில்லிங். விடுதலையான அப்பா பிறகு ஒரு சண்டையில் அவனை வேலையிலிருந்து நிறுத்துகிறார். அம்மாவோ திரும்பப் போகட்டும் என்கிறார். அதை டிக்கன்ஸ் மறக்கவே இல்லை. வாசகர்களிடம் சொல்லவும் இல்லை. 1870-இல் அவர் இறந்தபிறகு, நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் விஷயம் வெளியே வந்தது.

'சொந்தக் கதையை எழுதிட்டாரு, அவ்வளவுதானே' என்று முடித்துவிடலாம். ஆனால் 1849-50-இல் மாதாமாதம் வெளிவந்த அந்த நாவலில் அவர் அப்பாவை இரண்டாகப் பிரித்துவிடுகிறார். கடனும் கலகலப்பும் மிகாபருக்கு. பையனை வேலைக்குத் துரத்தும் கல்நெஞ்சு மாற்றாந்தந்தை மர்ட்ஸ்டோனுக்கு. (நாங்கள் கோடில் செய்வதும் இதுதான், இவ்வளவு அழகாக வராது.)

அம்மா? டேவிட் பாட்டில் கழுவப் போவதற்கு முன்பே, அன்பு மாறாமல், செத்துப்போகிறாள். 'திரும்பப் போ' என்று சொல்ல அவனுக்கு அம்மாவே இல்லை.

மன்னித்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது அந்தச் சாவைப் படித்தால் லேசாகப் பயமாக இருக்கிறது.