யாருடைய சுமையை யார் தூக்குவது? – இப்னு பதூதாவின் பயணங்களில் இருந்து ஒரு கணக்கு



லீவு வந்தால் நம்ம ஊர்ப் பிள்ளைகளின் வட்ஸ்அப் குழுக்களில் ட்ரிப் கதைதான். நக்கிள்ஸ், ஹோர்டன் சமவெளி, பாவா ஆதம் மலை என்று பட்டியல் நீளும். ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருப்பார். இரண்டு டோர்ச், மழைக்கோட்டு, மருந்துப் பை, குளுக்கோஸ், மேலதிகத் தண்ணீர் என்று எல்லாம் கட்டிக்கொண்டு வருவார். அதே குழுவில் நாலு பேர் இறப்பர் செருப்போடும் அரைவாசி சார்ஜ் உள்ள போனோடும் வேனில் ஏறுவார்கள்.

பிறகு வாக்குவாதம் தொடங்கும். "அவனுகளுக்கும் சேர்த்து நான் ஏன் தூக்கணும்? தூக்கித் தூக்கித்தான் இப்படிப் பழகிட்டானுகள்" என்பார் ஒருவர். "வழியில ஒருத்தன் விழுந்தா பார்த்துக்கொண்டா இருப்பாய்?" என்று கேட்பார் மற்றவர்.

இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வந்ததும் இல்லை. ஏறத்தாழ 700 வருஷத்துக்கு முன் பாலைவனத்திலும் நம் நாட்டு மலையிலும் மனிதர்கள் இதே கேள்வியோடு நடந்திருக்கிறார்கள். அதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவைத்துப் போனவர் இப்னு பதூதா. அவருடைய பயணங்களில் இருந்து சில இடங்களை மட்டும் இன்று பார்ப்போம்.

*1326, டமஸ்கஸ்*

இப்னு பதூதா 1325இல் மொரோக்கோவின் தன்ஜா நகரில் இருந்து தனியாகப் புறப்பட்டபோது அவருக்கு வயது 21. அடுத்த வருஷம் டமஸ்கஸில் காய்ச்சலில் விழுந்தார். ஹஜ் கூட்டம் புறப்படும் நேரம், கையில் இருந்த பணமும் தீர்ந்துபோனது. அங்கே நூருத்தீன் ஸகாவி என்ற மாலிக்கி மத்ஹப் ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவர்தான் இவருக்கு ஒட்டகம் பிடித்துக் கொடுத்து, வழிச்சாப்பாடும் ஏற்பாடு செய்து, அவசரத்துக்கு உதவும் என்று பணமும் கொடுத்து அனுப்பினார்.

உலகின் மிகப்பெரிய பயணி என்று நாம் பாடப்புத்தகத்தில் படிக்கும் மனிதர், மற்றவர் கொடுத்த பொருளோடுதான் முதல் ஹஜ்ஜுக்குப் போனார். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த ஆசிரியர் உதவி செய்தது ஊரில், புறப்படுவதற்கு முன். நடுப்பாலையில் வைத்து இல்லை.

*தபூக்கைத் தாண்டி ஒரு பாறை*

டமஸ்கஸில் இருந்து மதீனா போகும் வழியில் தபூக் வருகிறது. அதற்கு அப்பால் பயங்கரமான வரண்ட பாதை. அதனால் கூட்டம் தபூக்கில் நாலு நாள் தங்கி ஒட்டகங்களுக்குத் தண்ணீர் காட்டும். தண்ணீர்க்காரர்கள் எருமைத்தோலில் பெரிய தொட்டிகள் செய்து ஊற்றோரம் வைத்திருப்பார்கள். அமீர்களுக்கும் பெரியவர்களுக்கும் ஆளுக்கொரு தொட்டி. மற்றவர்கள் இவ்வளவு காசு என்று பேசி, ஒட்டகத்துக்கு நீர் காட்டித் தோற்பையை நிரப்பிக்கொள்ள வேண்டும்.

அந்தப் பாதையில் உள்ள ஒரு பள்ளத்தாக்கைப் பற்றி இப்னு பதூதா ஒரு செய்தி சொல்கிறார். முன்பு ஒரு வருஷம் அனல்காற்று வீசி, கூட்டத்தின் தண்ணீரெல்லாம் வற்றிப்போனது. ஒரு மிடறு தண்ணீரின் விலை ஆயிரம் தீனாருக்குப் போனது. வாங்கியவனும் செத்தான், விற்றவனும் செத்தான். அங்குள்ள பாறை ஒன்றில் இதைச் செதுக்கி வைத்திருந்தார்களாம்.

"என்னிடம் இருக்கிறது, அதனால் நான் தப்புவேன்" என்று நினைப்பவருக்கு அந்தப் பாறை ஒரு பாடம். கூட்டமாகப் போகும்போது ஒருவருடைய தட்டுப்பாடு மற்றவருடைய வாசலுக்கும் வரும். இன்றைய மலையிலும் அப்படித்தான். ஒருவனுக்குக் கால் பிசகினால் முழுக் குழுவும் இருட்டில் நிற்கும்.

*அதே வருஷம், ஈராக் கூட்டம்*

ஹஜ் முடிந்ததும் இப்னு பதூதா ஈராக் கூட்டத்தோடு சேர்ந்து மக்காவை விட்டுப் புறப்பட்டார். அந்தக் கூட்டத்தின் அமீர் தம் சொந்தப் பணத்தில் ஒட்டகச் சிவிகையில் பாதியை இவருக்காக வாடகைக்கு எடுத்துக் கொடுத்தார். அந்தக் கூட்டத்தின் ஏற்பாடுகளைப் படிக்கும்போது எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

ஏழை ஹாஜிகளுக்குத் தண்ணீர் சுமக்கவென்று தனியாக ஒட்டகங்கள். தர்மமாகக் கொடுக்கும் உணவைச் சுமக்க வேறு ஒட்டகங்கள். நோயில் விழுபவர்களுக்கு மருந்தும் பானங்களும் சீனியும். கூட்டம் தங்கும் இடத்தில் பெரிய பித்தளை அண்டாக்களில் சமைத்து, ஏழைகளுக்கும் வழிச்சாப்பாடு இல்லாதவர்களுக்கும் கொடுத்தார்கள். நடக்க முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள மேலதிக ஒட்டகங்கள் வெறுமனே கூடவே நடந்தன. செலவு முழுவதும் சுல்தான் அபூ ஸயீதுடையது.

பாதையிலும் இதே ஏற்பாடுதான். மக்காவில் இருந்து பக்தாத் வரை வழிநெடுக இருந்த குளங்களும் கிணறுகளும் ஹாரூன் ரஷீதின் மனைவி ஸுபைதா அம்மையார் செய்துவைத்தவை. அந்த அம்மையார் மறைந்தது 831இல். கிட்டத்தட்ட 500 வருஷம் கழித்து வந்த பயணியும் அந்தத் தண்ணீரைக் குடித்தார்.

இங்கே எந்த ஒரு ஹாஜியும் தன் முதுகில் இன்னொருவருடைய தண்ணீரைத் தூக்கவில்லை. கூட்டம் தூக்கியது. யாராவது குறையோடு வருவார்கள், யாராவது நோயில் விழுவார்கள் என்று புறப்படும்போதே கணக்குப் பார்த்து, அந்தக் கணக்குக்குத் தனி ஒட்டகம் ஒதுக்கியிருந்தார்கள்.

*1344, நம் நாடு*

மாலைதீவில் இருந்து புறப்பட்ட இப்னு பதூதா காற்றில் திசைமாறி நம் கரைக்கு வந்தார். புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். முத்து எல்லாம் காட்டி உபசரித்த அரசரிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: ஆதம் நபி (அலை) அவர்களுடைய பாதத்தைப் பார்க்க வேண்டும்.

அரசர் "போய் வாரும்" என்று வாயால் மட்டும் சொல்லிவிடவில்லை. சுமப்பவர்களோடு ஒரு பல்லக்கு, வருஷாவருஷம் அந்த மலைக்குப் போய்ப் பழகிய நாலு யோகிகள், மூன்று பிராமணர்கள், அரசருடைய ஆட்கள் பத்துப்பேர், உணவு சுமக்கப் பதினைந்து பேர். பாதை தெரிந்தவர் வேறு, சாப்பாடு சுமப்பவர் வேறு என்று வேலை பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு முஸ்லிம் பயணியின் ஸியாரத்துக்கு ஓர் இந்து அரசர் செய்த ஏற்பாடு இது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

மலைக்காட்டில் அட்டை. இன்றைக்கும் அதே அட்டைதான். அந்தக் காலத்தில் மலைக்குப் போகிறவர்கள் கையில் தேசிக்காய் கொண்டுபோவார்களாம். அட்டை பிடித்தால் அதன் மேல் பிழிவார்கள், அது விழுந்துவிடும். பிறகு மரக்கத்தியால் அந்த இடத்தைச் சுரண்டுவார்கள். 14ஆம் நூற்றாண்டின் அவசர மருந்துப் பை அது!

அங்கே பாபா கூஸி என்று ஒரு பெயர் வருகிறது. அவர் முன்பு அந்த வழியே போன ஒரு பயணி. அட்டைகள் பிடித்தும் அவர் பொருட்படுத்தவில்லை, தேசிக்காய் பிழியவும் இல்லை. இரத்தம் வடிந்தே இறந்துபோனார் என்று சொல்லப்படுகிறது. அவர் பெயரில் ஒரு குகையும் இருந்தது. பொருள் எவ்வளவு இருந்தாலும், "எனக்கு ஒன்றும் ஆகாது" என்று நினைப்பவரை அது காப்பாற்றாது.

இன்னொரு கதை ஷீராஸ் நகரத்துப் பெரியார் இப்னு கஃபீஃப் பற்றியது. முப்பது பக்கீர்களோடு இந்த மலைக்கு வந்தாராம். ஆளில்லாக் காட்டில் வழி தவறிப் பசி வந்தது. ஒரு யானைக்குட்டியைப் பிடித்துச் சாப்பிடலாம் என்று கூட வந்தவர்கள் கேட்டார்கள். ஷெய்க் தடுத்தார். அவர்கள் கேட்கவில்லை. அன்றிரவு யானைகள் கூட்டமாக வந்து ஒவ்வொருவராக மோந்து பார்த்துக் கொன்றன. ஷெய்க்கை மட்டும் ஒரு யானை முதுகில் ஏற்றி ஊர்ப்பக்கம் கொண்டுவந்து விட்டது.

இதை வரலாறு என்று நான் சொல்லமாட்டேன். மக்கள் வாயில் வழங்கிய கதை. ஆனால் பயணம் தெரிந்தவர்கள் கட்டிய கதை. பசித்த கூட்டம் தலைவர் சொல் கேட்காது என்பது அதற்குள் இருக்கிறது. ஷெய்க்கிடம் ஞானம் இருந்தது, முப்பது பேருக்கும் போதிய உணவு இருக்கவில்லை.

*1352, ஸஹாரா*

வயதும் அனுபவமும் கூடிய பிறகு இப்னு பதூதா ஸஹாராவைக் கடந்தார். தஸரஹ்லா என்ற இடத்தில் கூட்டம் மூன்று நாள் தங்கித் தோற்பைகளைத் தைத்து, தண்ணீர் நிரப்பி, காற்றில் வற்றாமல் இருக்க மேலே சாக்குத்துணி சுற்றும். அங்கிருந்து 'தக்ஷீஃப்' என்ற ஓர் ஆளை முன்னால் அனுப்புவார்கள். அவர் வலாதா நகருக்குக் கடிதம் கொண்டுபோவார். அந்த ஊரார் நாலு நாள் பயணத் தூரம் தண்ணீரோடு எதிரே வருவார்கள். வலாதாவில் தெரிந்தவர் இல்லாதவர், தர்மத்துக்குப் பெயர்போன ஒரு வியாபாரிக்கு எழுதுவார். அவர் பொறுப்பெடுப்பார். ஆளில்லாதவனுக்கும் அந்த ஏற்பாட்டில் இடம் இருந்தது. ஏழாவது இரவு, எதிரே வந்தவர்களின் நெருப்பு வெளிச்சம் தெரிந்தபோது மகிழ்ந்ததாகச் சொல்கிறார்.

ஆனால் அதே பயணத்தில் ஓர் உயிரும் போனது. இப்னு ஸீரி என்பவர் தம் உறவினர் இப்னு அதீயோடு சண்டை பிடித்துக்கொண்டு பின்தங்கினார். கூட்டம் தங்கியபோது ஆளைக் காணவில்லை. தடம் பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கூலிக்கு அனுப்பும்படி இப்னு பதூதா உறவினரிடம் சொன்னார். அவர் மறுத்துவிட்டார். மறுநாள் மஸூஃபா கோத்திரத்து மனிதர் ஒருவர் கூலி இல்லாமலே தேடிப் போனார். தடம் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. பிறகு, வேறொரு கூட்டத்தில் இருந்து பிரிந்துபோன ஒருவரின் உடலை ஒரு செடியடியில் கண்டார்கள். உடுப்பு அப்படியே, கையில் சவுக்கு. தண்ணீர் ஒரு மைல் தூரத்தில்தான் இருந்தது.

இப்னு ஸீரி காணாமல் போன பிறகு, தான் கூட்டத்துக்கு முன்னாலும் போவதில்லை, பின்தங்குவதும் இல்லை என்கிறார் இப்னு பதூதா.

*நம் கணக்கு*

நம் மார்க்கத்தில் இரண்டு பக்கமும் கட்டளை இருக்கிறது. யமன் நாட்டார் சிலர் "நாங்கள் அல்லாஹ்விடம் தவக்குல் வைத்தவர்கள்" என்று சொல்லிக்கொண்டு வெறுங்கையோடு ஹஜ்ஜுக்கு வந்து பிறரிடம் கேட்டார்கள். வழிச்சாப்பாடு எடுத்துக்கொள்ளும்படி ஸூரத்துல் பகராவில் கட்டளை வந்தது. அது வெறுங்கையோடு வருபவருக்கு. மேலதிகமாக வாகனமோ உணவோ வைத்திருப்பவர் இல்லாதவருக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதை அபூ ஸயீத் அல்குத்ரீ (ரழி) அறிவிக்கிறார்கள். அது வைத்திருப்பவருக்கு. அஷ்அரீ கோத்திரத்தார் உணவு குறைந்தால் எல்லோருடையதையும் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிடுவார்கள். நபியவர்கள் அவர்களைத் தம்மைச் சேர்ந்தவர்கள் என்றே பாராட்டினார்கள். அது குழுவுக்கு.

மூன்றையும் சேர்த்தால் நம் ட்ரிப்புக்கு ஒரு கணக்கு வரும்.

ஒன்று, ஆளுக்குரியது. சரியான சப்பாத்து, தண்ணீர், டோர்ச், குளிர் உடுப்பு, தன் சொந்த மருந்து. இதை யாரும் யாருக்காகவும் தூக்க முடியாது. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. நாலு பேருக்கு இரண்டு லீற்றர் வீதம் ஒருவர் சுமந்தால் எட்டுக் கிலோ. கடைசியில் அவரைத்தான் தூக்கிவர வேண்டியிருக்கும்.

இரண்டு, குழுவுக்குரியது. மருந்துப் பை, மேலதிக டோர்ச் ஒன்றிரண்டு, பெட்டரி, மழைக்கு ஒரு பொலித்தீன் விரிப்பு, பேரீச்சம்பழம், குளுக்கோஸ், அட்டைக்கு உப்போ தேசிக்காயோ. இதற்கு எல்லோரும் காசு போடுங்கள், எல்லோருடைய பையிலும் பிரித்து வையுங்கள். ஈராக் கூட்டத்தின் அந்த மேலதிக ஒட்டகம் இதுதான். இது வேண்டாத செலவு என்று யாரும் சொல்ல வேண்டாம். தேவைப்படாமல் திரும்பி வந்தால் அல்ஹம்துலில்லாஹ்.

மூன்று, புறப்படும் இடம். வேன் நகர முன் ஒருவர் எல்லோருடைய பையையும் காலையும் பார்க்க வேண்டும். டோர்ச் இல்லாதவருக்குக் கடையில் வாங்கிக் கொடுக்கலாம். வழுக்கும் செருப்போடு வந்தவரை "இந்த முறை நீ அடிவாரத்தில் நில்" என்று சொல்லத்தான் வேண்டும். அதைப் பாதி மலையில் வைத்துச் சொல்ல முடியாது. அங்கே அவர் நம் அமானிதம். ஏசிக்கொண்டாவது கொடுக்க வேண்டும், கூட்டி இறங்க வேண்டும்.

இன்னும் இரண்டு. நம்பிக்கையான ஒருவர் கடைசி ஆளுக்குப் பின்னால் நடக்கட்டும். எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். சிக்னல் இல்லாத இடத்துக்குப் போகும் நமக்கு அவர்தான் தக்ஷீஃப்.

பாவா ஆதம் மலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உயரம் 2,243 மீற்றர், நல்லதண்ணிப் பக்கத்தால் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். டிசம்பர் போயாவில் இருந்து வெசாக் வரைதான் பருவம். மற்ற மாதங்களில் வழியில் வெளிச்சத்தையும் கடையையும் நம்பிப் போகாதீர்கள்.

அடுத்த ட்ரிப்புக்குக் குழு தொடங்கும்போது, யார் எந்தப் பாட்டுப் போடுவது என்று பேசுவதற்கு முன் இந்தக் கணக்கைப் பேசுங்கள். உங்கள் குழுவில் வேறு ஒழுங்கு வைத்திருந்தால் கீழே எழுதுங்கள், மற்றப் பிள்ளைகளுக்கும் உதவும். போகிற எல்லோரையும் அல்லாஹ் ஸலாமத்தாக வீடு சேர்ப்பானாக.

வஸ்ஸலாம்.