கொக்குவிலிலிருந்து களனிக்கு

இலங்கையின் மூன்றாவது பிரதம மந்திரியான சேர் ஜோன் கொத்தலாவலையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவருடைய குதிரைச் சவாரியையும், கந்தவளை மாளிகையின் விருந்துகளையும், எவருக்கும் அஞ்சாது பேசிய நாவையுமே நினைவுகூர்வர். இவ்வாறு ஓர் அரசியல்வாதியை அவருடைய குணவிசேடங்களால் மட்டும் அளந்தால், அவரை உருவாக்கிய வர்க்கமும் அவ்வர்க்கத்தின் தேவைகளும் நம் கண்ணுக்குப் படாமற் போய்விடும். அவருடைய வாழ்க்கை நம்முன் வைக்கும் வினா வேறு. 1954இல் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில், சிங்களத்துக்கும் தமிழுக்கும் அரசியலமைப்பில் சம அந்தஸ்து வழங்குவதாக அவர் வாக்களித்தார். 1956 பெப்ரவரியில், களனியிற் கூடிய ஐக்கிய தேசியக் கட்சி மாநாட்டில், சிங்களம் மட்டுமே அரசகரும மொழியாதல் வேண்டும் என்ற தீர்மானம் அவர் தலைமையிலேயே நிறைவேறியது. இரண்டு ஆண்டு நிறைவதற்கிடையில் இத்தலைகீழ் மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது?

இதற்கு விடை காண நாம் குருநாகல் மாவட்டத்துச் சுரங்கங்களிலிருந்து தொடங்குதல் வேண்டும். பென்சிலின் நடுவே இருக்கும் கறுப்புப் பொருளாகிய காரீயம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையரிற் சிலரைப் பெருந் தனவந்தராக்கியது. தேயிலையில் ஆங்கிலக் கம்பனிகள் கோலோச்சிய காலத்தில், காரீயச் சுரங்கங்களோ பெரும்பாலும் உள்நாட்டார் கையிலிருந்தன. உருக்கை உருக்கும் மூசைகளைச் செய்வதற்குக் காரீயம் இன்றியமையாதது. ஆகவே, முதலாம் உலக யுத்தத்தில் ஆயுத உற்பத்தி பெருகியபோது இதன் விலையும் உயர்ந்தது. ஐரோப்பாவில் இலட்சக்கணக்கானோர் மாண்ட ஆண்டுகள், இங்கே சுரங்க உடைமையாளருக்குச் செழிப்பான ஆண்டுகளாயின.

அத்தகைய உடைமையாளருள் ஒருவரே அத்திகலை முதலியார். அவருடைய புதல்வியர் மூவரில் ஒருவர் 1895இற் பிறந்த கொத்தலாவலையின் தாயார். இன்னொருவர் டி. எஸ். சேனநாயக்காவின் தமையனார் எஃப். ஆர். சேனநாயக்காவை மணந்தார். மற்றவர் ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் தந்தையாரின் சகோதரரை மணந்தார். சேனநாயக்காக்களின் தந்தையாரும் காரீயத்தாற் செல்வம் சேர்த்தவரே. ஐக்கிய தேசியக் கட்சியை ‘மாமன் மருமகன் கட்சி’ என்று மக்கள் எள்ளி நகையாடியதற்கு இவ்வுறவுமுறையே காரணம். இச்செல்வத்துக்கு உழைத்தவரோ, காட்டுக்கொடியாற் கட்டிய மர ஏணிகளில் நூற்றுக்கணக்கான அடி ஆழத்துக்கு இறங்கியேறிய கிராமத்து ஏழைகள். தோண்டியெடுத்த காரீயத்தைக் கொழும்புப் பண்டகசாலைகளிற் பெண்கள் கூலிக்குத் தரம் பிரித்தனர். கட்சியின் வரலாற்றை எழுதியோர் இவர்களை நினைவுகூர்ந்தது அரிது.

கேம்பிரிட்ஜிற் கல்வி கற்றுத் திரும்பிய கொத்தலாவலை, தாய்வழி வந்த காகட்டகாச் சுரங்கத்தையும் தோட்டங்களையும் ஏற்றுக்கொண்டார். 1931இல் டொனமூர் அரசியற்றிட்டம் சர்வசன வாக்குரிமையை வழங்கியது. யாழ்ப்பாணத்து வாலிபர் காங்கிரஸ், இத்திட்டம் பூரண சுயராச்சியம் அன்று என்று கூறித் தேர்தலைப் பகிஷ்கரித்த அதே ஆண்டில், கொத்தலாவலை குருநாகலிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றார். 1936இல், தமிழர் ஒருவரேனும் இடம்பெறாத மந்திரி சபையில் அவர் போக்குவரத்து, பொதுவேலை மந்திரியானார். 1947 முதல் பாராளுமன்றத்தில் அவர் வகித்த தொகுதி தொடங்கஸ்லந்தை. அவருடைய சுரங்கம் அமைந்திருந்ததும் அத்தொகுதியிலேயே. சுரங்கத்துக்குச் சொந்தக்காரரே அவ்வூர் வாக்காளரின் பிரதிநிதி. நம் நாட்டு ஜனநாயகத்தின் தொடக்கத்தை விளக்க இதனினும் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

மந்திரியாக அவர் செய்த நற்பணிகளை மறைப்பது நேர்மையன்று. பொறியியலாளர் விமலசுரேந்திரா 1918இலேயே எடுத்துரைத்தும் நீண்டகாலம் கிடப்பிற் கிடந்த நீர்மின் திட்டம், 1950இல் லக்ஷபானாவில் மின்சாரம் பிறப்பித்ததற்கு அவருடைய பிடிவாதமும் ஒரு காரணம். தெருக்களும் விமான சேவையும் அவர் காலத்தில் வளர்ந்தன. வேலையை முடிக்கத் தெரிந்த முதலாளி அவர். ஆயினும், நாட்டையும் தம் தோட்டத்தைப்போலவே நடத்தலாம் என்பதுதான் அவருடைய அரசியற் கல்வியின் முதற்பாடமும் இறுதிப்பாடமும் ஆகும். அங்கே கட்டளை உண்டு, கொடை உண்டு, உரிமை இல்லை.

இதனை மலையகத் தொழிலாளர் விடயத்திற் காண்கிறோம். 1948, 1949ஆம் ஆண்டுகளின் பிரஜாவுரிமைச் சட்டங்களாலும் அவற்றைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் அம்மக்களிற் பெரும்பாலோர் குடியுரிமையையும் வாக்கையும் இழந்தபோது, அவ்வரசாங்கத்தில் அவர் மந்திரி. 1954 ஜனவரியில் நேருவுடன் அவர் செய்த ஒப்பந்தமும் அம்மக்களைக் கணக்கிட்டுப் பதிவதைப் பற்றியே பேசியது. இந்நாட்டின் செல்வத்தை உண்டாக்கியோர் என்னும் உரிமையை அவர்களுக்கு அது வழங்கவில்லை. நாடற்றோர் நாடற்றோராகவே இருந்தனர்.

1952 மார்ச்சில் டி. எஸ். சேனநாயக்கா மறைந்தபோது, மூத்த மந்திரியாகிய கொத்தலாவலையை விடுத்து மகன் டட்லி சேனநாயக்கா பிரதமராக்கப்பட்டார். ஆயின், கொரிய யுத்தம் தந்த றப்பர் விலையேற்றம் அடங்கியதும் திறைசேரி வற்றியது. அந்தப் பற்றாக்குறையை ஏழைகளின் சோற்றிலிருந்து ஈடுசெய்ய நிதி மந்திரி ஜயவர்த்தனா முனைந்தார். 25 சதமாயிருந்த ஒரு கொத்துக் கூப்பன் அரிசி 70 சதமாயிற்று. பள்ளிப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது. 1953 ஆகஸ்ட் 12இல் இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பையேற்று நாடு ஹர்த்தாலில் இறங்கிற்று. மேற்கு, தென்மேற்குக் கரையோரங்களிற் புகையிரதப் பாதைகள் பெயர்க்கப்பட்டன. துப்பாக்கிப் பிரயோகத்தில் உயிர்கள் பலியாயின. மந்திரி சபை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடிற்று. டட்லி பதவி விலக, ஒக்டோபரிற் கொத்தலாவலை பிரதமரானார். அரசோடு ஒத்துழைத்து மந்திரியாயிருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலம் புதிய மந்திரி சபையில் இடம்பெறவில்லை.

சோற்றுப் பிரச்சினையால் எழுந்த மக்களை இனி எதைக் கொண்டு அமைதிப்படுத்துவது? புதிய பிரதமர் முதலிற் கையாண்டது கம்யூனிச எதிர்ப்பு. இந்தோ சீனத்துக்குப் பிரெஞ்சுப் படைகளை ஏற்றிச் சென்ற அமெரிக்க விமானங்கள் 1954இல் இங்கே தரித்துச் செல்ல அவர் அனுமதித்தார். 1955 ஏப்ரலில் பாண்டுங் மாநாட்டில், ஆசிய ஆபிரிக்க மக்கள் ஏகாதிபத்தியத்துக்கு எதிராக ஒரே குரலில் பேச முயன்ற வேளையில், கிழக்கு ஐரோப்பாவைச் சோவியத் குடியேற்ற நாடுகள் என வருணித்து நேருவையும் சூ என் லாயையும் சினங்கொள்ளச் செய்தார். மேல்நாட்டுப் பத்திரிகைகள் புகழ்ந்தன. ஆனால் அப்புகழ் கிராமத்து வாக்குப் பெட்டியை நிரப்பவில்லை.

இந்நிலையிலேதான் கொக்குவில் வாக்குறுதியை நாம் நோக்குதல் வேண்டும். கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்தவர், வாலிபர் காங்கிரஸை முன்னின்று நடத்திய ஹன்டி பேரின்பநாயகம். அக்கல்லூரி வரவேற்பில் மொழிச் சமத்துவம் பற்றிய கோரிக்கை முன்வைக்கப்பட்டபோது, பிரதமர் தயக்கமின்றி இசைந்தார். அவர் அப்போது பொய் சொன்னார் என்று கூறவேண்டியதில்லை, மனமுவந்தே கூறியிருக்கலாம். ஆனால் அது விருந்தினன் விருந்தளித்தோருக்கு வழங்கிய கொடை. அதற்குப் பின்னால் கட்சித் தீர்மானம் இல்லை. சிங்கள மக்களிடம் சென்று அதனை விளக்கும் எண்ணமும் இல்லை. தெற்கில் எதிர்ப்பு மூண்டதும் அக்கொடை திருப்பியெடுக்கப்பட்டது.

தெற்கின் கிளர்ச்சி முழுவதையும் இனவெறி என ஒதுக்குவதும் பிழை. ஆங்கிலம் அறிந்த சிறு கூட்டத்தினரே உத்தியோகங்களை ஆண்டனர். சிங்கள ஆசிரியரும், ஆயுர்வேத வைத்தியரும், கிராமத்துப் பிக்குகளும் அந்த வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தனர். தமிழ்மொழிப் பாடசாலை ஆசிரியரின் நிலையும் அதுவே. ஆங்கிலத்தின் ஆதிக்கத்துக்கு எதிராகத் திரும்பியிருக்கவேண்டிய நியாயமான கோபம், தமிழுக்கு எதிராகத் திருப்பப்பட்டது. பண்டாரநாயக்கா அதிலேறிச் சவாரி செய்தார்; கொத்தலாவலை அவரை முந்த நினைத்தார். 1953இல் அரிசியின் பெயரால் ஒன்றுபட்டு நின்ற மக்களை 1956இல் மொழியின் பெயரால் இரண்டாக்கினர். களனித் தீர்மானம், ஹர்த்தாலுக்கு உடைமை வர்க்கம் கண்டுபிடித்த மறுமொழி என்றே நாம் கொள்ளுதல் தகும்.

அந்த வியாபாரமும் நட்டத்திலேயே முடிந்தது. 1952இல் 54 ஆசனங்களைப் பெற்ற கட்சி, 1956 ஏப்ரலில் 8 ஆசனங்களாகச் சுருங்கியது. களனித் தொகுதியிலேயே ஜயவர்த்தனாவைத் தோற்கடித்தவர் ஆர். ஜீ. சேனநாயக்கா; அத்திகலைக் குடும்பத்துப் பேரன். கொத்தலாவலை தம் தொகுதியைக் காப்பாற்றிக்கொண்டாரெனினும், பின்னர் தீவிர அரசியலிலிருந்து விலகிப் பெரும்பாலும் இங்கிலாந்தில் வாழ்ந்தார். 1980 ஒக்டோபர் 2இற் காலமானார். நட்டத்தை அவர் செலுத்தவில்லை. 1956 ஜூன் 5இல் காலிமுகத் திடலிற் சத்தியாக்கிரகம் செய்து அடியுண்டவர்களும், சிங்களம் கற்றாலன்றி உயர்வில்லை என்றான வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தமிழ் எழுதுவினைஞர்களும், அவர்களுடைய பிள்ளைகளும் அதனைச் செலுத்தினர்.

நாம் நம் பக்கத்தையும் பார்த்தல் கடன். 1955இல் சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும், வாக்கு இழப்பைப் பொருட்படுத்தாது மொழிச் சமத்துவத்துக்காக நின்றன. சமசமாஜிகளின் கூட்டம் கொழும்பிலே கலைக்கப்பட்டது. ஆயினும் அதே கட்சிகள் 1966 ஜனவரி 8இல், தமிழ்மொழி ஒழுங்குவிதிகளை எதிர்த்த ஊர்வலத்தில் நடந்தன. சிங்களத்தின் தனி அந்தஸ்தை உறுதிசெய்த 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பை ஆக்கியவர் சமசமாஜத் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா. சுரங்க முதலாளி இரண்டு ஆண்டிற் கடந்த தூரத்தை, தொழிலாளர் தலைவர்கள் பத்து ஆண்டிற் கடந்தனர். தமிழும் அரசகரும மொழியாயிற்று எனச் சட்டத்தில் எழுதப்பட்டது 1987இலேயே; அதற்கிடையில் நாடு யுத்தத்தில் வீழ்ந்திருந்தது.

ஆகவே மாணவர்க்கு இவ்வரலாற்றைக் கற்பிக்கும்போது, ஒரு மனிதனின் வாக்குத் தவறுதலாக இதைச் சொல்லி முடித்தல் போதாது. பெரியவர் ஒருவரின் நல்லெண்ணத்தில் தங்கிய உரிமை, அவருக்கு அது பாரமாகும் நாளில் மறைந்துவிடும். ஹர்த்தால் நாளிற் கூடிய கைகள், அரிசிக்காகக் கூடியதுபோல அயலவனின் மொழிக்காகவும் கூடியிருந்தால், களனித் தீர்மானத்தை நிறைவேற்ற எவருக்கும் துணிவு பிறந்திராது. அவ்வொற்றுமையைக் கட்டியெழுப்பும் வேலை 1953இற் பாதியில் நின்றது. அது இன்னும் முடிக்கப்படவில்லை.