வெளிவராத பாட்டு யாருடையது? ராப் குழுக்களின் ஒலிப்பதிவும் உரிமையும்

ராப் குழு ஒன்றின் இசைத்தொகுப்பு வெளிவராமல் கிடப்பதற்குக் காவல்துறையோ தணிக்கையோதான் காரணமாக இருக்கும் என்று நம் தோழர்கள் முதலில் எண்ணுகிறார்கள். அவ்வாறு நேர்வதும் உண்டு. ஆயினும் பதிவு முடிந்த பாடல்கள் வன்தட்டிலேயே உறங்குவதற்கு இன்னும் சாதாரணமான காரணங்கள் இருக்கின்றன. எழுத்தில் இடாத ஒப்பந்தம், வாடகைக்கு எடுத்த தாளம், கையொப்பமிடாமல் விலகிப்போன பாடகர், ஒலிக்கூடத்துக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. சேலம், நாமக்கல் சமவெளியின் தலித் இளைஞர்கள் கைப்பேசியிலேயே தாளம் அமைத்துப் பாடத் தொடங்கியிருக்கும் இந்நாளில், ஒரு தொகுப்பு எவ்வாறு உருவாகிறது, எந்தக் கட்டத்தில் அது பாடியவர் கையை விட்டுப் போகிறது என்பதை அறிந்துகொள்வது அவசியமாகிறது.

நாமக்கல் மாவட்டம் இராசிபுரம் வட்டத்தைச் சேர்ந்த வெண்ணந்தூர் விசைத்தறிகளின் ஊர். இவ்வட்டாரத்தில் கூலிக்கு நெய்தல் என்றால் என்ன என்று எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாவும் ஊடையும் வியாபாரியுடையவை, துணியும் அவருடையதே. தறியில் நின்றவருக்கு உரியது கூலி மட்டும். முன்பணம் வாங்கியிருந்தால் அக்கூலியிலும் பிடித்தம் உண்டு. இசை நிறுவனம் ஒரு குழுவோடு செய்துகொள்ளும் வழக்கமான ஒப்பந்தம் இதே அமைப்பைக் கொண்டது. ஒலிக்கூடச் செலவை நிறுவனம் ஏற்கிறது, முன்பணம் தருகிறது, அம்முன்பணம் வருமானத்திலிருந்து கழிந்து தீரும்வரை கலைஞருக்குப் பங்கு இல்லை. பதிவான ஒலி நிறுவனத்தின் சொத்தாகிறது. தறிக்கூடத்தில் இதைக் கண்டவுடன் புரிந்துகொள்ளும் இளைஞர், ஒலிக்கூடத்தில் மட்டும் அதைத் தம் கலைக்குக் கிடைத்த அங்கீகாரமாகக் கருதிக் கையெழுத்திட்டுவிடுகிறார்.

தமிழில் சாதி எதிர்ப்பு ராப் பேசப்படும்போது முன்வைக்க வேண்டிய முதல் சான்று 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவே. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் இணைந்து உருவாக்கிய இக்குழு, 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதன்முறையாக மேடையேறியது. 19 கலைஞர்கள், அவர்களுள் ஒரே பெண், கானா பாடகர் இசைவாணி. 2020இல் பிபிசி வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் அவர் இடம்பெற்றார். குழுவின் பெயருக்கு அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்தே மூலம். மாட்டிறைச்சி, இடஒதுக்கீடு, மலக்குழி மரணம் ஆகியன பாடுபொருளாயின. கானா, பறை, ராப், ராக் ஆகிய நான்கும் ஒரே மேடையில் நின்றன. அக்குழுவில் இருந்த அறிவு, தயாரிப்பாளர் ஆஃப்ரோவுடன் இணைந்து 2019இல் 'தெருக்குரல்' தொகுப்பை வெளியிட்டார்.

இக்குழு மேடையில் பிறந்தது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். மேடைக்கு ஆக்கிய பாட்டைப் பதிவுக்குக் கொண்டுவருவது எளிய வேலையன்று. பறையின் தோலை நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றித்தான் அடிக்கிறோம். குளிரூட்டிய ஒலிக்கூடத்தில் அம்முறுக்கு விரைவில் தளர்கிறது, சுருதி இறங்குகிறது. காலையில் பதிந்த அடியும் மாலையில் பதிந்த அடியும் ஒத்துப்போவதில்லை. கானா பாடகர் சொல்லின் கனத்துக்கேற்ப வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பாடுவார். ராப் பாடகருக்கோ மாறாத தாளக்கட்டு தேவை. காதில் ஒலிக்கும் 'கிளிக்' ஓசைக்கு இசைந்து அவர் சொற்களை அடுக்குகிறார். இவ்விருவரையும் ஒரே பாட்டில் அமர்த்த வேண்டுமானால் யார் யாருக்கு வளைந்துகொடுப்பது என்ற கேள்வி எழும். அது தொழில்நுட்பக் கேள்வியாகத் தோன்றினாலும், இசைக்கோவை செய்பவர் கிளிக்குக்கு ஒத்துவராத பறையை வெட்டி ஒட்டித் திருத்தினால், சாவு வீட்டிலும் தெருவிலும் தலைமுறைகளாக வளர்ந்த ஒரு நடை அங்கே மழுங்கிவிடுகிறது. பறையை வழிநடத்தும் கருவியாகக் கொண்டு மற்றவற்றை அதன்மேல் பதிவதே சரியான முறை என்பது என் கருத்து. செலவு கூடும், கூடட்டும்.

பதிவுக்குப் பின் ஒவ்வொரு குரலையும் கருவியையும் தனித்தனித் தடமாக வைத்து அளவு பார்த்துக் கலப்பது மிக்ஸிங். கலந்ததை எல்லா ஒலிபெருக்கிகளிலும் சீராகக் கேட்கும்படி இறுதி செய்வது மாஸ்டரிங். அதன் பிறகே தளங்களுக்குப் பாட்டைச் சேர்க்கும் விநியோக நிறுவனம் வருகிறது. முழுமையான தடங்கள் பெரும்பாலும் ஒலிக்கூடத்தின் கணினியில்தான் இருக்கும். பாக்கி தீராதவரை அவை வெளியே வருவதில்லை. குழுவின் கையில் இருப்பது வாட்ஸ்அப்பில் அனுப்பப்பட்ட, தரம் குறைந்த ஒரு மாதிரி மட்டுமே. வெளிவராத தொகுப்புகள் பல இப்படித்தான் வாழ்கின்றன.

இனிச் சட்டம். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் ஒரு பாட்டை மூன்றாகப் பிரிக்கிறது. வரிகள் இலக்கியப் படைப்பு. அவற்றை எழுதியவரே ஆசிரியர். மெட்டு இசைப் படைப்பு. அதற்கு இசையமைத்தவர் ஆசிரியர். பதிவான ஒலிக்கு மட்டும் அதன் தயாரிப்பாளர் ஆசிரியராகிறார். பதிவுக்கான முன்முயற்சியையும் பொறுப்பையும் ஏற்றவரே தயாரிப்பாளர் என்று சட்டம் வரையறுக்கிறது. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் 'நிகழ்த்துநர் உரிமை' என்ற தனி உரிமை உண்டு. வரிக்கும் மெட்டுக்கும் ஆசிரியரின் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு. ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள். வெளிவராத பதிவுக்கு இந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குவதே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

சட்டத்தின் 19ஆம் பிரிவை இசைக்குழுவினர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் படித்தாக வேண்டும். உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்துடன் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு. எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். உரிமையைப் பெற்றவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, அம்மாற்றம் காலாவதியாகிவிடும். அதாவது பாட்டை வாங்கி அலமாரியில் பூட்டிவைக்கும் நிறுவனத்திடமிருந்து வரிகளும் மெட்டும் எழுதியவரிடமே திரும்பிவிடும். 'வேறுவிதமாக' என்ற அச்சொல்லில்தான் நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் வாழ்கிறார்கள். ஓராண்டு வரம்பு பொருந்தாது என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் போதும். கையெழுத்திடும் முன் அடிக்கச் சொல்ல வேண்டிய முதல் வரி அதுவே.

திரும்பி வருவன வரியும் மெட்டும் மட்டுமே. ஒலிப்பதிவு தயாரிப்பாளருடையதாகவே நீடிக்கும். எனவே பாட்டை மீட்டவர் மீண்டும் பதிய வேண்டியிருக்கும். அமெரிக்கப் பாடகர் டெய்லர் ஸ்விஃப்ட் 2021 முதல் தம் பழைய தொகுப்புகளை மறுபதிவு செய்து வெளியிட்டது இந்த வழியில்தான். மறுபதிவைத் தடைசெய்யும் விதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 2012இல் செய்யப்பட்ட திருத்தம் இன்னொரு காப்பைத் தருகிறது: வரி எழுதியவரும் இசையமைத்தவரும் தமக்குரிய ராயல்டிப் பங்கை எழுதிக்கொடுத்தாலும் அது செல்லாது.

'எஞ்சாயி எஞ்சாமி' இவ்விடத்தில் நினைவுக்கு வராமல் இராது. 2021 மார்ச்சில், ஏ.ஆர். ரகுமானின் ஆதரவுடன் தொடங்கப்பட்ட மாஜா நிறுவனத்தின் வழியாக வெளியான பாட்டு அது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து அறிவு அதை ஆக்கினார். அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் பாடகி தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தனர், அறிவு இல்லை. பா. இரஞ்சித் உள்ளிட்டோர் எதிர்த்த பின்னர் அறிவுக்கென இணைய அட்டை ஒன்று வந்தது. 2022 ஜூலையில் மாமல்லபுரம் சதுரங்க ஒலிம்பியாடின் தொடக்க விழாவில் அப்பாட்டு அறிவு இல்லாமல் பாடப்பட்டது. எழுதியது, மெட்டமைத்தது, பாடியது எல்லாம் தாமே என்று அவர் எழுத, அது கூட்டு உழைப்பு என்று சந்தோஷ் நாராயணன் விளக்கமளித்தார். 2024 மார்ச்சில் அதே சந்தோஷ் நாராயணன், அதுவரை அப்பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு பைசாவும் வரவில்லை என்று பொதுவெளியில் அறிவித்தார். கணக்கு எவர் பக்கம் சரி என்பதை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. உலகம் கேட்ட ஒரு பாட்டுக்கே, யார் ஆசிரியர், வருவாய் எங்கே என்ற இரண்டு கேள்விகளும் வெளியீட்டுக்குப் பின்னரே எழுந்தன என்பது நமக்குப் போதுமானது. அறிவு 2024இல் 'வள்ளியம்மா பேராண்டி' தொகுப்பைத் தம் சொந்த முயற்சியில் கொண்டுவந்ததற்கு இப்பின்னணி உண்டு.

உலகில் மிகவும் பேசப்பட்ட வெளிவராத ராப் தொகுப்பு நியூயார்க்கின் வூ-டாங் கிளான் குழுவுடையது. 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் ஷாவோலின்' என்ற அத்தொகுப்பு, மொராக்கோ வழிவந்த டச்சுத் தயாரிப்பாளர் சில்வாரிங்ஸின் முயற்சியில் பல ஆண்டுகளாக இரகசியமாகப் பதிவானது. ஒரே ஒரு படி மட்டும் அச்சிடப்பட்டு, வெள்ளிப் பேழையில் வைக்கப்பட்டு, 2015இல் மார்ட்டின் ஷ்க்ரெலி என்ற மருந்து வணிகருக்கு 20 இலட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. உயிர்காக்கும் மருந்தின் விலையை ஐம்பது மடங்குக்கு மேல் உயர்த்தி இழிபெயர் பெற்றவர் அவர். மோசடி வழக்கில் அவர் தண்டிக்கப்பட, 2018இல் அத்தொகுப்பு பறிமுதலாகி, 2021இல் அமெரிக்க அரசால் விற்கப்பட்டது. 2103ஆம் ஆண்டுவரை வணிக முறையில் வெளியிடலாகாது என்பது நிபந்தனை. இந்நிபந்தனையைக் குழுவின் மெத்தட் மேன் வெளிப்படையாகவே கண்டித்தார். கறுப்பினத் தொழிலாளர் குடியிருப்புகளில் பிறந்த இசை, அம்மக்களே கேட்க இயலாத அரும்பொருளாயிற்று. அதை மாபெரும் கலைச் செயல் என்று போற்றுவோர் உளர். எனக்கு அது கோயில் கருவறையை நினைவூட்டுகிறது.

டி லா சோல் குழுவின் கதை வேறு வகையானது. 1989இல் வெளிவந்த அவர்களுடைய முதல் தொகுப்பும் அதைத் தொடர்ந்த தொகுப்புகளும் பழைய பாடல்களின் துணுக்குகளால் நெய்யப்பட்டவை. அத்துணுக்குகளின் உரிமையும் நிறுவனத்துடனான பூசலும் தீராததால், 2023 மார்ச் 3 வரை அவை இணைய இசைத்தளங்களில் ஏறவில்லை. மூவருள் ஒருவரான டேவிட் ஜோலிகோர் அதற்குச் சில வாரங்களுக்கு முன், பிப்ரவரியில் இறந்துபோனார். நம் இளைஞர்கள் திரைப்பாடலின் துணுக்கையோ இணையத்தில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் தாளத்தையோ எடுத்துப் பாடும்போது நினைக்க வேண்டியது இது. குறைந்த விலைத் தாளம் விற்பனையன்று, குத்தகை. இத்தனை முறை கேட்கப்படும்வரை, இத்தனை காலம்வரை என்று வரம்புண்டு. அதே தாளம் வேறு நூறு பேரிடமும் இருக்கும்.

மேற்கு மாவட்டங்களுக்கே உரிய தடை ஒன்றும் இருக்கிறது. திருவிழா ஒலிபெருக்கிகளில் ஆதிக்க சாதிப் பெருமைப் பாடல்கள் தடையின்றி முழங்கும் வட்டாரம் இது. ஓமலூர் கோகுல்ராஜ் 2015 ஜூனில் கொல்லப்பட்டு, உடல் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் கிடந்ததும், 2022இல் முதன்மைக் குற்றவாளி யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேர் ஆயுள் தண்டனை பெற்றதும் இம்மண்ணின் நிகழ்காலம். இங்கே ஒரு பாட்டில் ஊர்ப்பெயரைச் சொல்வதற்கும் சென்னை மேடையில் சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. பாடியவரின் தாய் தந்தையர் அடுத்த நாள் அதே ஊரில் தறிக்கோ வயலுக்கோ வேலைக்குப் போயாக வேண்டும். எனவே பதிவான பாட்டை நிறுத்திவைப்பது சில வேளைகளில் கோழைத்தனமாகாது. அம்முடிவை எடுக்கும் உரிமை பாடியவருக்கே இருக்க வேண்டும் என்பதே வாதம்.

அவ்வுரிமையை நம் அமைப்புகளும் மதிப்பதில்லை. பரப்புரைக்கெனப் பாட்டுக் கேட்டு, ஒலிக்கூடச் செலவை ஏற்று, கூட்டம் முடிந்ததும் மறந்துவிடும் வழக்கம் இயக்கங்களில் இருக்கிறது. சட்டப்படி அப்பதிவின் தயாரிப்பாளர் அந்த அமைப்பே. பாடிய அருந்ததியர் இளைஞர் அதைத் தம் பெயரில் ஏற்ற வேண்டுமானால் அமைப்பின் ஒப்புதல் தேவை. ஒரே பக்கத்தில் எழுதி முடித்துவிடக்கூடிய காரியம் இது: வரி, மெட்டு, பறை, குரல் ஒவ்வொன்றும் யாருடையது, செலவு யாருடையது, ஓராண்டில் வெளிவராவிட்டால் தடங்கள் யாரிடம் சேரும், ஒருவர் விலகினால் அவருடைய குரல் என்னாகும். இதை முதல் ஒத்திகையன்றே எழுதிக் குழுவிலுள்ள எல்லோரும் கையெழுத்திட வேண்டும். பறையடிப்பவரை 'உடன் வந்தவர்' என்று குறிக்காமல் பெயர் சொல்லி நிகழ்த்துநராகப் பதிய வேண்டும். ஒவ்வொரு நாள் பதிவு முடிந்ததும் முழுத்தடங்களின் படி ஒன்றைக் குழுவின் சொந்த வன்தட்டில் வாங்கிக்கொண்ட பிறகே அந்நாளுக்கான பணத்தைக் கொடுக்க வேண்டும்.